கழன்ற வளையும் களைந்த கண்ணியும்



கண்ணி என்னும் சொல் தமிழில் பல பொருள்களைச் சுமந்து நிற்பது. சேரன் பனம்பூவையும் சோழன் ஆத்தியையும் பாண்டியன் வேம்பையும் தலையில் சூடியபோது அது கண்ணி எனப்பட்டது. வேட்டுவன் பறவைக்கு வைத்த சுருக்கும் கண்ணி. இரண்டிரண்டு அடியாய்த் தனித்தனியே நின்று பொருள் முடிக்கும் பாட்டும் கண்ணி. தாயுமானவர் பராபரக்கண்ணி என 389 பாடினார். அகராதி புரட்டாதவர் வாயிலும் இன்றுவரை உயிரோடு வழங்கும் பொருள் ஒன்றும் உண்டு. சங்கிலியின் ஒவ்வொரு துண்டும் கண்ணியே. நெய்வேலி மெயின் பஜாரிலோ மந்தாரக்குப்பத்திலோ கடிகாரம் பழுதுபார்க்கும் கடையொன்றின் முன் சற்றுநேரம் நின்றால் அச்சொல் காதில் விழும். "செயின் லூசா இருக்கு, ரெண்டு கண்ணி எடுத்துக் குடுங்க" என்று ஒருவர் கையை நீட்டுவார். அவ்விரண்டு கண்ணிகளை எடுப்பது எப்படி, எடுக்கும்போது நேர்வது என்ன, எடுத்த கண்ணி என்னவாகிறது என்பனவே இவ்வுரையின் பொருள். இலக்கிய மேடைக்கு இது ஏற்குமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். வளை கழலுவதை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாடிவரும் மொழியில் அவ்வையத்துக்கு இடமில்லை.

நெய்வேலி, கடிகாரம் பார்த்து விழிக்கவும் உறங்கவும் கற்றுக்கொண்ட ஊர். 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. நிலத்தடி நீரின் அழுத்தத்தோடு போராடி, மேல்மண்ணை அகற்றி, 1961 ஆகஸ்டில் கரியின் முகம் காணப்பட்டது. 1962இல் மின்னாக்கம் தொடங்கியது. கோழி கூவும் பொழுதையும் மாடு திரும்பும் பொழுதையும் கொண்டு நாளை அளந்த மண்ணில், அதன்பின் நாள் மூன்று முறைப்பணிகளாகப் பகுக்கப்பட்டது. இரவுப்பணி முடித்து வந்தவர் கண்ணயரும் வேளையில் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுவர். ஒரே வட்டத்தில், ஒரே தெருவில், மூவகைப் பொழுதுகள் சுவர் ஒட்டி வாழ்ந்தன. இத்தகைய ஊருக்குக் கைக்கடிகாரம் முதலில் கருவியாகவே வந்தது, அணிகலனானது பின்னர்.

கரி வெளிப்பட்ட அதே 1961இல்தான் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையோடு கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. இரண்டும் பொதுத்துறை, இரண்டும் ஒரு காலத்துக் கனவின் பிள்ளைகள். ஜனதா, பைலட், காஞ்சன், கோஹினூர் என்னும் பெயர்கள் அக்காலத்து நடுத்தரக் குடும்பங்களில் உறவினர் பெயர்களைப் போல வழங்கின. காலையில் எழுந்ததும் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது குடும்பத் தலைவரின் கடன்களுள் ஒன்றாயிற்று. நீண்ட காலப் பணிக்கும் ஓய்வுக்கும் நினைவுப் பொருளாகக் கடிகாரம் வழங்கும் வழக்கம் அரசு அலுவலகங்களிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் பரவியது. திருமணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரமும் கைக்கடிகாரமும் போடுவது மாமனார் வீட்டின் மதிப்பு எனக் கருதப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மோதிரத்துக்கு விரலளவு கேட்டு வாங்குவர்; கடிகாரத்துக்கு மணிக்கட்டின் அளவு கேட்பார் இலர். ஆகவே மணமேடையில் முழங்கை வரை ஏறி இறங்கிய செயினோடு புகைப்படத்தில் நிற்கும் மணமகன், மறுவீட்டு விருந்து முடிந்த கையோடு கடிகாரக் கடைக்குப் போக நேர்ந்தது.

தொடக்கத்தில் பெரும்பாலான கடிகாரங்கள் தோல் வாரோடு வந்தன. கோடை வியர்வையில் தோல் ஊறி நாறி வெடித்தது. எனவே உழைப்பவர் எஃகுச் செயினுக்கு மாறினர். குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு எளிதில் துருப்பிடிப்பதில்லை. ஆனால் கண்ணிகளை இணைக்கும் ஊசிகள் எப்போதும் அத்தரத்தில் அமைவதில்லை. உப்பேறிய வியர்வையும் கரித்தூளும் கலந்து கண்ணிகளின் இடுக்கில் கரும்பசையாகப் படியும்; உள்ளிருக்கும் ஊசி அதில் துருவேறி இறுகும். ஆகவே கண்ணி எடுப்பதற்கு முதற்படி கழுவுதல். கடிகாரத்தினின்று செயினைப் பிரித்து, சவர்க்கார நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, உலர்த்திய பின்னரே சுத்தியலைத் தொட வேண்டும். இறுகிய ஊசிக்கு ஒரு துளி எண்ணெய் விட்டுச் சிறிது நேரம் காத்திருப்பதும் தொழிலின் பகுதியே.

செயின்களில் வகைகள் பல. இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ஸ்பிரிங் செயின் ஒன்று. அமெரிக்காவின் ஸ்பைடெல் நிறுவனம் 1959இல் இதன் புகழ்பெற்ற வடிவம் ஒன்றைச் சந்தைக்குக் கொணர்ந்தது. முன்கை மயிரைப் பிடுங்குவதில் அதற்கு நிகரில்லை என்பதை அணிந்தவர் அறிவர். மெல்லிய தகட்டை மடித்துச் செய்த கண்ணிகளால் ஆனது மற்றொன்று. எடை குறைவு, விலையும் குறைவு. முழு எஃகுத் துண்டுகளைக் கோத்தது மூன்றாவது. இப்பேச்சு பெரிதும் இந்த மூன்றாவதைப் பற்றியதே.

அளவெடுத்தலில் பலர் பிழை செய்கின்றனர். மனிதரின் மணிக்கட்டு நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வெப்பத்திலும் உழைப்பிலும் மாலையில் சற்றே பருக்கும். மார்கழி விடியலில் மெலியும். விடியலில் அளந்து இறுக்கிய செயின் நண்பகலில் தோலில் தடம் பதிக்கும். செயினைப் பூட்டியபின் உள்ளே சுண்டுவிரல் நுழையும் அளவு இடம் இருப்பது பொதுவான அளவு. மணிக்கட்டு எலும்புக்கு மேலே அணிபவரா, கீழே அணிபவரா என்பதையும் கேட்டறிய வேண்டும். அடுத்து, பூட்டைப் பார்க்க வேண்டும். பல செயின்களில் பூட்டின் ஓரத்தில் இரண்டு மூன்று சிறு துளைகள் இருக்கும். உள்ளிருக்கும் ஸ்பிரிங் ஊசியை ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு நகர்த்தினால், ஒரு கண்ணிக்கும் குறைவான அளவில் செயினைக் கூட்டலாம், குறைக்கலாம். கண்ணியில் கைவைக்கும் முன் இத்துளைகளைப் பார்ப்பவரே தேர்ந்த தொழிலாளி. எதையும் வெட்டாமலே தீரக்கூடிய குறைக்கு வெட்டுவானேன்?

துளைகளால் தீராத தளர்வுக்கே கண்ணி களைதல். இங்கே கணக்கு வேண்டும். 12 மணிப் பக்கத்தில் ஒன்று எடுத்தால் 6 மணிப் பக்கத்திலும் ஒன்று எடுக்க வேண்டும். அப்போதுதான் பூட்டு உள்மணிக்கட்டின் நடுவில் அமரும். கடிகார முகம் மேலே நேராக நிற்கும். ஒரே பக்கத்தில் எடுத்தால் பூட்டு ஒருபுறம் சாய்ந்து, எழுதும்போது மேசையில் உரசும். எடுக்க வேண்டியது ஒற்றைப்படையானால், மிகுதியாகும் ஒன்றை 6 மணிப் பக்கத்தில் எடுப்பது வழக்கம்.

இனி ஊசி. பின் என்று கடைக்காரர் சொல்லும் இந்தச் சிறு கம்பியே இருபுறக் கண்ணிகளையும் பிணைத்து நிற்பது. செயினின் உட்புறத்தில், தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்தில், சில கண்ணிகளில் மட்டும் சிறிய அம்புக்குறி பொறிக்கப்பட்டிருக்கும். அணிந்தவர் பத்தாண்டுகள் அணிந்தும் அதைப் பார்த்திரார். எந்தக் கண்ணிகளைக் கழற்றலாம், ஊசியை எத்திசையில் தள்ளலாம் என்று செய்தவன் விட்டுச்சென்ற குறிப்பு அது. பள்ளம் வெட்டிய சிறு கட்டையில் செயினைப் பக்கவாட்டில் நிறுத்தி, அம்பு காட்டும் திசையில் ஊசியுளியை வைத்து மெல்லத் தட்டினால் ஊசி மறுபுறம் தலைகாட்டும். பிறகு இடுக்கியால் பற்றி இழுக்கலாம். எடுத்த ஊசியைத் திரும்ப இடும்போது அம்புக்கு எதிர்த்திசையில் இட வேண்டும். ஊசி பெரும்பாலும் ஒரு முனையில் பிளவுபட்டிருக்கும். பிளவின் விரிவே அதைத் துளைக்குள் இறுகப் பிடித்து நிற்பது. ஆதலால் பிளவில்லாத முனை முன்னே செல்ல, பிளவுமுனை கடைசியில் நுழைய வேண்டும்.

வேறு சில செயின்களில் ஊசியோடு ஒரு சிறு குழல் இருக்கும். எள்ளினும் சற்றே பெரிய அக்குழல் நடுக்கண்ணியின் துளைக்குள் ஒளிந்திருக்கும். ஊசி நுழையும்போது அதை இறுகப் பற்றிக்கொள்ளும். அறியாதவர் ஊசியைத் தள்ளும்போது குழல் தரையில் விழும். விழுந்ததும் தெரியாது, விழுந்த இடமும் தெரியாது. குழலின்றியும் ஊசி துளைக்குள் போகும், செயின் பூட்டும், கடிகாரம் கையில் நிற்கும். சில நாட்கள் சென்றபின், பேருந்தின் கம்பியைப் பிடித்து நிற்கையிலோ கிணற்றடியில் குனிகையிலோ ஊசி தானே நழுவும், கடிகாரம் வீழும். பொறுப்புள்ள கடைக்காரர் வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வேலை செய்வது இதனாலேதான். இன்னும் சில செயின்களில் ஊசிக்கு மாற்றாகத் திருகு இருக்கும். அதற்குரிய நுனியளவுள்ள திருகுளி இல்லாவிடில் திருகின் தலை சிதையும். ஆணியும் குறடும் கொண்டு வீட்டிலேயே இவ்வேலையைச் செய்ய முற்படுவோர் கண்ணியின் பளபளப்பான முகத்தில் ஆறாத் தழும்புகளை விட்டுவிடுகின்றனர்.

நெய்வேலியில் ஊசியும் கண்ணியும் புதியன அல்ல. சுரங்கத்தில் மண்ணையும் கரியையும் வெட்டும் மாபெரும் பக்கெட் வீல் இயந்திரங்கள் சங்கிலித் தடங்களின் மேல் நகர்கின்றன. ஆள் தூக்க இயலாத எஃகுத் தட்டுகளை ஊசிகள் கோத்து நிற்பதே அத்தடம். மணிக்கட்டில் இருப்பதன் பேருருவம் என அதைக் கொள்ளலாம். பயன்பாட்டில் ஊசியும் துளையும் தேயத் தேயத் தடம் நீளும். இறுக்க வேண்டி வரும். சைக்கிள் செயினும் அவ்வாறே. அதில் ஒரு நயம் உண்டு. சைக்கிள் செயினில் அகக்கண்ணியும் புறக்கண்ணியும் மாறி மாறி வருவதால் ஒன்றைத் தனியே எடுத்துவிட்டுக் கோக்க இயலாது. இரண்டையும் இணையாக எடுக்க வேண்டும். இணை ஓர் அங்குல நீளம். அகமும் புறமும் பிரியாமை தமிழர்க்குப் புதிதன்று.

தளர்ந்த செயின் இத்தகைய பணியிடங்களில் அழகுக் குறைவு மட்டும் ஆகாது. சுழலும் உருளைக்கும் ஓடும் பட்டைக்கும் அருகே தொங்கும் உலோகம் கையையே உள்ளிழுக்கக் கூடும். மின்னோட்டமுள்ள இடத்தில் எஃகு மின்கடத்தி. ஆகையால் அங்கே மோதிரத்தையும் செயினையும் கழற்றிவைப்பதே பாதுகாப்பு நெறி. கழற்றிய கடிகாரம் சட்டைப்பையில் இருந்து மணி சொல்லும்.

இனி வளைக்கு வருவோம். சங்க மகளிர் அணிந்த வளைகளுள் சிறந்தது சங்கை அறுத்துச் செய்தது. வாளரத்தால் சங்கின் உடலைக் குறுக்கே அறுத்தால் வட்டம் கிடைக்கும். அவ்வட்டத்தில் பூட்டில்லை, ஊசியில்லை, கண்ணியில்லை. ஒருமுறை அறுத்த அளவே அதன் அளவு. கை மெலிந்தால் வளை கையோடு மெலியாது. இந்த எளிய பொருளுண்மையின் மேல்தான் அகத்திணையின் பெருமாளிகை ஒன்று எழுந்தது. தலைவன் பிரிந்தான், தலைவி உண்ணாள், உறங்காள், தோள் மெலிந்தாள், வளை கழன்றது, தாய் கண்டாள், ஊர் அலர் தூற்றியது. வளையைச் சுருக்கும் வழி ஒன்று அன்று இருந்திருந்தால் இத்தொடர் இடையிலேயே அறுந்திருக்கும். திருவள்ளுவர் உறுப்புநலன் அழிதல் என்னும் அதிகாரத்தில் 1234 முதல் 1236 வரை அடுத்தடுத்த மூன்று குறள்களில் தொடியைக் கொணர்கிறார். மூன்றிலும் தொடி அணியாக வரவில்லை. தலைவியின் மெலிவைச் சொல்லும் சான்றாக வருகிறது. ஆண்டாளோ நாச்சியார் திருமொழியின் பதினோராம் பத்தில் அரங்கனிடமே வழக்குத் தொடுக்கிறாள். கையில் செறிந்து நிற்கும் வளைக்குக் கழல்வளை என்று பெயர் வைத்திருக்கும் மொழியின் முரணைப் பிடித்துக்கொண்டு, அப்பெயரை மெய்யாக்கியவன் அரங்கன் என்று அவள் சொல்லும்போது, நகையும் அழுகையும் ஒரு சொல்லுக்குள் அடங்குகின்றன.

சங்கின் மிச்சம் பற்றியும் ஒரு புலவர் எண்ணியிருக்கிறார். அகநானூற்றின் 24ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார், வளைகளை அறுத்தெடுத்தபின் எஞ்சி ஒதுக்கப்பட்ட சங்கின் கொழுந்தைக் காண்கிறார். அதைப் பகன்றையின் விரியாத மொட்டுக்கு உவமையாக்குகிறார். வளை யார் கைக்குப் போயிற்று என்று பாட்டு கேட்கவில்லை. பட்டறைத் தரையில் கிடந்த கழிவு, பாட்டுக்குள் பூவாக வந்து நிற்கிறது. பொருள்களை உற்று நோக்கியவர்க்கே இது கைகூடும். பட்டறைக்குள் நுழைந்திராத புலவரால் அந்த உவமையைச் சொல்லியிருக்க இயலாது.

சங்கு வளைக்கும் எஃகுச் செயினுக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில் கூர்மையாகிறது. கை மெலிந்தால் வளை கழன்று விழுந்து ஊரைக் கூட்டும். கை மெலிந்தால் செயினில் ஒரு கண்ணியைக் களைந்து, ஐந்து நிமிடத்தில் பழையபடி பூட்டிக்கொள்ளலாம். சான்று வாய் மூடிக்கொள்கிறது. ஓய்வுபெற்ற ஒருவர் ஓராண்டுக்குள் மூன்றாம் முறையாக வந்து "இன்னொரு கண்ணி எடுங்க" என்று கையை நீட்டும்போது, கடைக்காரர் செயினைப் பார்க்கிறார்; அதைத் தாங்கும் கையைப் பார்ப்பவர் சிலரே. முயலாமலே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைவது மருத்துவர் பொருட்படுத்தும் குறி. கட்டுக்கடங்காத நீரிழிவு, காசநோய், தைராய்டு மிகை, புற்று ஆகியவை அதன் பின்னால் ஒளிந்திருக்கக் கூடும். துணையை இழந்த துயரமும் இருக்கக் கூடும். எடை பார்க்கும் பழக்கம் இல்லாத வீட்டில் முதலில் மெலிவைச் சொல்வது சட்டைக் கழுத்தும் கடிகாரச் செயினும்தான். பெண்களிடம் இது இன்னும் மறைவாக நடக்கிறது. கண்ணாடி வளையலை அளவு குறைத்து மாற்றிக்கொள்வார்கள், செயினைச் சிறிதாக்கிக்கொள்வார்கள், கேட்டால் வெயில் என்பார்கள். சங்கப் பாட்டின் தாய், மகளின் முன்கையைப் பார்த்துக் கலங்கினாள். இன்று வீட்டில் உள்ளோர் அக்கையைப் பார்ப்பதற்கு ஒரு காரணம், செயினின் தளர்வு. கண்ணி களைவதற்கு முன் "எப்போதிலிருந்து தளர்ந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டால் கடைக்காரருக்குச் செலவொன்றும் இல்லை.

பாட்டிலும் கண்ணி களைதல் உண்டு என்பது இங்குள்ள பாவலர் அறியாததன்று. கவியரங்கத் தலைவர் மணியடிக்கும் வரை நீளும் கவிதை, முழங்கை வரை ஏறி இறங்கும் செயினை ஒத்தது. பாடுபவர்க்கு அதன் தளர்வு தெரிவதில்லை, கேட்பவர்க்குத் தெரிகிறது. சுருக்குக என்று சொல்வது எளிது. எங்கே களைவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. பராபரக்கண்ணியில் ஒவ்வொரு கண்ணியும் தானே முடிந்து நிற்பது. பாடுவோர் சிலவற்றைத் தேர்ந்து பாடினாலும் பாட்டு குலைவதில்லை. அந்தாதியில் அது நடவாது. ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாக அமைவதால் ஒவ்வோர் இணைப்பும் தனக்கென வார்த்த இணைப்பு. அபிராமி அந்தாதியின் 100ஆம் பாட்டு முடியும் இடம் முதற்பாட்டின் தொடக்கத்தைச் சென்று தொட்டு மண்டலிக்கிறது. அவ்வட்டத்தில் ஒரு பாட்டை எடுத்தால் இருபுற முனைகளும் ஒன்றையொன்று அறியாமல் நிற்கும். கடிகாரச் செயினும் மண்டலித்து நிற்பதே. ஆனால் அதன் இணைப்புகள் யாவும் ஓரளவின. எனவே ஒன்று போனாலும் அயலிரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. தம் கவிதையில் ஓரடியை அடிக்கும் கவிஞர், அடித்த அடியைப் பற்றி வருந்துவதைவிட, எஞ்சிய ஈரடிகளின் முனைகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது நலம். பெரும்பாலான திருத்தங்கள் தோற்பது அங்கேதான். நல்ல அடியை எடுத்ததனால் கெட்ட கவிதைகள் குறைவு. எடுத்த இடத்தைத் தைக்காமல் விட்டதனால் கெட்டவை மிகுதி.

களைந்ததை வைத்திருப்பது வேறொரு கல்வி. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் ஒரு பாடத்தை ஏற்றபோது, ஏற்காத பாடத்தை எறியவில்லை. பாடவேறுபாடு என அடிக்குறிப்பில் இடமளித்துக் காத்தார். ஒருகால் பின்வருவோர்க்கு அதுவே மூலமாகத் தோன்றலாம் அல்லவா? கடிகாரக் கடைகளில் இப்பண்பு எல்லா இடத்தும் இல்லை. எடுத்த கண்ணிகளைச் சிறு உறையிலிட்டுக் கையில் கொடுப்பவர் உண்டு. "இது எதுக்கு?" என்று வாடிக்கையாளரே மேசைமீது விட்டுச்செல்வதும் உண்டு. விட்டுச்சென்றவை கடையின் தகரப் பெட்டியில் சேர்ந்துகொண்டே போகும். ஓரளவில் இரண்டு இல்லாத, எக்கையிலிருந்து வந்தன என்று எவரும் அறியாத கண்ணிகள்.

அவற்றின் அருமை பின்னாளில்தான் தெரிகிறது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதற்கு 2016 ஜனவரியில் நடுவண் அரசு இசைவளித்தது. அதே ஆண்டில்தான் நெய்வேலி நிறுவனமும் என்.எல்.சி. இந்தியா எனப் பெயர் மாறியது. 1961இல் ஒருங்கே தொடங்கிய இரு கதைகளுள் ஒன்று பெயர் மாறித் தொடர்ந்தது. மற்றொன்றின் ஆலைகள் அடங்கின. இதற்கிடையே டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984இல் உருவாக்கிய டைட்டன், ஓசூரில் ஆலை கண்டு, சாவி வேண்டாத குவார்ட்ஸ் கடிகாரங்களால் சந்தையைப் பிடித்துவிட்டிருந்தது. சாவி கொடுக்கும் கடிகாரம் அலமாரிக்குள் போயிற்று. இப்போது அது மீண்டும் வெளியே வருகிறது. தந்தை மறைந்தபின் மகனோ மகளோ பெயர்த்தியோ அதை எடுத்துச் சாவி கொடுத்துப் பார்க்கின்றனர், ஓடுகிறது. அணிந்து பார்க்கின்றனர், செயின் பொருந்தவில்லை.

மகளின் கை சிறிதானால் துன்பமில்லை. இரண்டோ நான்கோ கண்ணிகளை எடுத்தால் தந்தையின் கடிகாரம் அவள் கடிகாரமாகிவிடும். சேலைத் தலைப்பில் மாட்டாதபடி கண்ணி ஓரங்கள் மழுங்கியுள்ளனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மகனின் கை பெரிதானால்தான் இடர். நோயில் மெலிந்த நாட்களில் தந்தை களைந்த கண்ணிகள் எங்கே என்னும் தேடல் அப்போது தொடங்கும். பீரோ இழுப்பறை, பூசையறை டப்பா, பழைய மூக்குக் கண்ணாடிக் கூடு என வீடே கவிழ்க்கப்படும். கிடைக்காவிடில் கடையின் தகரப் பெட்டியில் ஒத்த கண்ணி தேட வேண்டும். அகலம் ஒத்தால் தடிமன் ஒவ்வாது. தடிமன் ஒத்தால் துளை ஒவ்வாது. எல்லாம் ஒத்தும், முப்பது ஆண்டு தேய்ந்த செயினின் நடுவே புதுப் பளபளப்போடு அது தனித்து நிற்கும். புதுச்செயின் போட்டுக்கொள்ளலாம், கடிகாரம் மணி காட்டும். தந்தையின் வியர்வை படிந்து மழுங்கிய எஃகு மட்டும் அங்கே இராது.

ஆகவே கண்ணி களைபவர் செய்ய வேண்டிய கடைசி வேலை ஒன்று எஞ்சுகிறது. எடுத்த கண்ணிகளையும் அவற்றின் ஊசிகளையும், குழல் இருந்தால் குழல்களையும், ஒரே உறையில் இட்டு ஒட்டி, உறையின்மேல் கடிகாரத்தின் பெயரையும், எப்பக்கத்தில் எத்தனை எடுக்கப்பட்டன என்பதையும், நாளையும் எழுத வேண்டும். கண்ணி இருந்து குழல் இல்லாவிட்டால் பின்னாளில் பயனில்லை. உறையைக் கடிகாரம் இருக்கும் பெட்டியிலேயே வைக்க வேண்டும். வேறிடத்தில் வைத்தது தொலைந்ததற்குச் சமம். கண்ணியைத் திரும்பக் கோக்கும் நாளில் அம்புக்குறியை மீண்டும் பார்த்து, அதற்கு எதிர்த்திசையில், பிளவுபடாத முனை முன்னாக ஊசியை இட்டு, மெல்லத் தட்டி, செயினை இருகையாலும் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தபின் கையில் அணிவிக்கலாம்.